டோங்கா – சமோவா, ஆகஸ்ட் 23: இந்த ஒரு ஆட்டத்தில் என்னவெல்லாம் இருக்கு?

மாங்கரே_மணி · திங்கள் இரவு

வர்ற சனிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 23. டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில், தேயுஃபைவா மைதானத்தில் டோங்காவும் சமோவாவும் இறங்குறாங்க. பசிபிக் நேஷன்ஸ் கோப்பை ரக்பி ஆட்டம்னு மட்டும் சொன்னா இதோட கனம் புரியாது. கணக்கைச் சொல்றேன்.

2027ல் ஆஸ்திரேலியாவில் நடக்கப்போற ரக்பி உலகக் கோப்பைக்கு 24 அணிகள். இந்தக் கோப்பையில் ஆடுற ஆறு அணிகளில் ஃபிஜியும் ஜப்பானும் ஏற்கெனவே உள்ளே போயாச்சு. மிச்சம் டோங்கா, சமோவா, அமெரிக்கா, கனடா. இந்த நாலு பேர்ல மூணு பேருக்குத்தான் நேரடி இடம். நாலாவது ஆள் தென் அமெரிக்க அணி ஒண்ணோட மோதணும், அதுவும் போச்சுன்னா கடைசித் தகுதிச் சுற்று.

டோங்காவும் சமோவாவும் ஃபிஜி இருக்கிற பிரிவுல மாட்டியிருக்காங்க. ஃபிஜி இப்ப இருக்கிற பலத்துக்கு ரெண்டு பேரும் அவங்ககிட்ட தோத்துடுவாங்கன்னே வைங்க. அப்படின்னா சனிக்கிழமை ஜெயிக்கிறவங்க பிரிவில் ரெண்டாவது, அரையிறுதி, உலகக் கோப்பை இடம் கையில். தோக்கிறவங்களுக்கு ஐந்தாம் இடத்துக்கான ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அமெரிக்காவுக்குப் போய் ஆடணும். சமோவா 1991லேர்ந்து ஒரு உலகக் கோப்பையையும் தவறவிட்டதில்லை. டோங்கா தவறவிட்டது 1991 மட்டும்.

டோங்காவில் இருக்கிறது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், சமோவாவில் ரெண்டு லட்சம். நடுவுல சுமார் 900 கிலோமீட்டர் கடல். நான் தெற்கு ஆக்லாந்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். எங்க ஷிஃப்டில் பாதிப் பேர் இந்த ரெண்டு தீவுக்காரங்க. போன வாரமே ரெண்டு கூட்டமும் தேநீர் இடைவேளையில் தனித்தனி மேசைக்குப் போயாச்சு! ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற டோங்கா அண்ணன் ஒருத்தர் ஊருக்குப் போய்ப் பார்க்கணும்னு வெள்ளி, சனி ரெண்டு நாள் லீவு கேட்டார். வெள்ளிக்கு சரி, சனிக்கு மாத்தாளைப் பிடிச்சுட்டு வா, அப்புறம் போன்னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை எனக்கே ஷிஃப்ட், அதனால என்னாலயும் உதவ முடியல.

இந்த ஆட்டம் ஆக்லாந்தில் இல்ல, சிட்னியில் இல்ல, தீவில் நடக்குது. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம். ஏன்னு பின்னால எழுதுறேன். யாரெல்லாம் பார்க்கப்போறீங்க?

புது_ரசிகன் · திங்கள் இரவு

அண்ணா, நான் ரக்பிக்குப் புதுசு. டோங்கா ஆஸ்திரேலியாவைத் தோற்கடிச்ச வீடியோ ஒண்ணு பார்த்தேன், மைதானம் முழுக்கச் சிவப்பு. சமோவா உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரைக்கும் போனாங்கன்னும் படிச்சேன். அப்படிப்பட்ட அணிகள் ஏன் தகுதிச் சுற்றில் தவிக்குதுன்னு புரியல.

வெள்ளவத்தை_சிவா · திங்கள் இரவு

தம்பி, நீங்கள் பார்த்தது வேற விளையாட்டு. ரக்பி லீக் எண்டு ஒண்டு, ரக்பி யூனியன் எண்டு ஒண்டு. லீக்கில 13 பேர், ஆறு தரம் பிடிபட்டால் பந்து மற்றப் பக்கம் போயிடும். யூனியனில 15 பேர். பிடிச்சு விழுத்தினாலும் பந்துக்காகச் சண்டை நடந்துகொண்டே இருக்கும், ரெண்டு பக்கத்து ஆக்களும் குனிஞ்சு கோத்துக்கொண்டு முட்டுற ஸ்க்ரம்மில உண்மையாவே தள்ளுவினம். சனிக்கிழமை நடக்கிறது யூனியன். எங்கட கொழும்பில ரகர் எண்டு சொல்லுறதும் இதைத்தான்.

2019இல ஈடன் பார்க்கில டோங்கா ஆஸ்திரேலியாவை 16–12 எண்டு வெண்டது லீக். 2022இல இங்கிலாந்தை 27–26 எண்டு ஒரே புள்ளியில சாய்ச்சு சமோவா இறுதியாட்டத்துக்குப் போனதும் லீக். அதே கோப்பையில காலிறுதியில டோங்காவை 20–18 எண்டு அனுப்பிப்போட்டுத்தான் சமோவா மேலே போனது, அதையும் மறக்க வேண்டாம்.

யூனியனிலயும் டோங்கா ஆஸ்திரேலியாவை அவையின்ர மண்ணிலயே வெண்டிருக்கு. 1973, பிரிஸ்பேன், 16–11. பிறகு 2011 உலகக் கோப்பையில பிரான்ஸை 19–14. அந்த பிரான்ஸ்தான் அந்த முறை இறுதியாட்டம் வரைக்கும் போனது! சமோவாவின்ர கணக்கு இன்னும் பெரிசு. 1991இல கார்டிஃபில வேல்ஸை 16–13 எண்டு வெண்டு காலிறுதி, 1995இல திரும்பவும் காலிறுதி. 2011இல சிட்னியில ஆஸ்திரேலியாவை 32–23.

சிட்னி_வாணி · செவ்வாய் காலை

மணி, ஆட்டத்தின் முக்கியத்துவத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தீவில் நடப்பதுதான் பெரிய விஷயம் என்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க முடியவில்லை.

நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் சமோவா மரபினர் 1,82,721 பேர், டோங்கா மரபினர் 82,389 பேர். தீவுகளில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய சமமான கூட்டம் அங்கேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் தனி. இதே ஆட்டத்தை ஆக்லாந்து மவுண்ட் ஸ்மார்ட்டிலோ மேற்கு சிட்னியிலோ வைத்தால் மைதானம் நிரம்பும், தொலைக்காட்சி நல்ல நேரத்தில் காட்டும், விளம்பரதாரர் வருவார். தேயுஃபைவாவில் எத்தனை பேர் உட்கார முடியும்? அங்கே ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு கேட்க முடியும்? இரண்டு சங்கங்களும் காசில்லாமல்தான் காலம் தள்ளுகின்றன. ரசிகர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஆட்டத்தைக் கொண்டுபோவதில் என்ன தவறு?

வீரர்களில் பெரும்பாலோர் பிறந்ததும் வளர்ந்ததும் அக்கரையில்தான். அவர்களுக்குச் சொந்த ஊர் என்றால் ஆக்லாந்தின் மாங்கரேயும் சிட்னியின் மவுண்ட் ட்ரூயிட்டும்தான்.

மாங்கரே_மணி · செவ்வாய் இரவு

வாணி, உங்க கேள்வி நியாயமானது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நீங்க சொன்ன ஏற்பாடு ஒரு தடவை நடந்தது. 2021 ஜூலை. 2023 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம், இதே ரெண்டு அணி. கோவிட்டால எல்லை மூடியிருந்ததால ரெண்டு ஆட்டமும் நியூசிலாந்திலேயே. மவுண்ட் ஸ்மார்ட்டில் சமோவா 42–13, ஹாமில்டனில் 37–15. மொத்தம் 79–28, சமோவா உள்ளே. ஐரோப்பாவில் ஆடுற ஆட்கள் வர முடியாம, கிடைச்சவங்களை வச்சு டோங்கா ஒரு அணியைத் தைச்சது. அந்தச் சமயம் அந்த அணிதான் நியூசிலாந்துகிட்ட 102–0ன்னு தோத்தது. நான் அதை டிவியில் பார்த்தேன். எழுபதைத் தாண்டினதும் கிடங்கில் யாரும் ஸ்கோரே கேக்கல. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு, ஆஸ்திரேலியாவில் சன்ஷைன் கோஸ்ட்டில் ஹாங்காங்கை 44–22ன்னு ஜெயிச்சுத்தான் டோங்காவுக்கு உலகக் கோப்பை கிடைச்சது. தன்னோட தகுதி ஆட்டம் ஒண்ணைக்கூட அந்த நாட்டு மக்கள் தன் மண்ணில் பார்க்கல.

இப்ப காசு. காசு எங்க நடந்தாலும் தீவுக்கு வருதுன்னா நானும் உங்க கட்சிதான். ஆனா சர்வதேச ரக்பியில் வழக்கம் என்னன்னா, ஆட்டத்தை நடத்துறவங்களுக்கே டிக்கெட் வருமானம் முழுக்க. விருந்தாளி அணிக்குப் பங்கு இல்ல. 2017 நவம்பரில் சமோவா ட்விக்கனம் போய் ஆடுச்சு. சங்கம் திவால்னு அந்த நாட்டுப் பிரதமரே அறிவிச்சிருந்த நேரம். இங்கிலாந்து நல்லெண்ணத்துக்குன்னு கொடுத்தது 75,000 பவுண்டு. ஒரு இங்கிலாந்து வீரருக்கு அந்த ஒரு ஆட்டத்துக்கு 22,000 பவுண்டு, சமோவா வீரருக்கு 650ன்னு அப்ப எல்லா பத்திரிகையும் எழுதுச்சு. எண்பதாயிரம் பேர் கொள்ளுற மைதானம் அது. ஆக, பெரிய மைதானத்தில் ஆடினா மட்டும் காசு வந்துடாது. கதவு யார் கையில்ங்கிறதுதான் கேள்வி. தேயுஃபைவா சின்னதுதான், ஆனா கதவு டோங்கா கையில்.

2015 ஜூலை 8 ஞாபகம் இருக்கா? ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து அணி, முதல் முறையா சமோவா தலைநகர் ஏப்பியாவில் டெஸ்ட் (ரக்பியில் நாட்டுக்கு நாடு ஆட்டம்) ஆடின நாள். தலைமுறை தலைமுறையா சமோவா பிள்ளைகள் அந்தக் கறுப்புச் சட்டை போட்டு ஆடியிருக்காங்க. ஆனா அந்தச் சட்டை ஒரு டெஸ்டுக்கு அந்தத் தீவுக்கு வர்றதுக்கு 2015 ஆச்சு. 25–16ன்னு நியூசிலாந்து ஜெயிச்சது, அதுவும் கஷ்டப்பட்டுத்தான். எங்க கிடங்கில் இருக்கிற சமோவாப் பெரியவர் அதுக்காகவே ஊருக்குப் போயிட்டு வந்தவர். இன்னிக்கும் அந்த டிக்கெட் துண்டு அவர் பர்ஸுக்குள்ள, பிள்ளைங்க போட்டோவுக்குப் பின்னால இருக்கு. எழுத்தெல்லாம் அழிஞ்சு வெறும் நீலக் கறைதான் தெரியுது. எடுத்துக் காட்டிட்டு மறுபடி அதே மடிப்பில் மடிச்சு வைப்பார்.

சிட்னி_வாணி · செவ்வாய் இரவு

டிக்கெட் வருமானம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். அது விதியின் குற்றம், இடத்தின் குற்றம் அல்ல. டோங்கா சங்கமே ஆக்லாந்தில் மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினால் கதவு அவர்கள் கையில்தானே?

இன்னொன்று. மோனா பசிஃபிகா 2022ல், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி போட்டிக்குள் வந்தது. சமோவா, டோங்கா வீரர்களுக்காகவே உருவான அணி, ஆனால் இருப்பிடம் ஆக்லாந்து. பயிற்சி வசதி, விமானம், மருத்துவம் எல்லாம் அங்கே இருப்பதால்தான் இந்த ஆண்டு நியூசிலாந்து நட்சத்திரம் ஆர்டி சவேயா போன்ற ஒருவர் அதில் வந்து ஆட முடிந்தது. தீவில் இருந்தால் வந்திருப்பாரா? அதனால் பலன் அடைவது இதே வீரர்கள்தான். மனசுக்கு இதமாக இருப்பதும் வீரனுக்குச் சம்பளம் கிடைப்பதும் எப்போதும் ஒரே இடத்தில் நடப்பதில்லை.

பவளத்திட்டு · புதன் காலை

சம்பளம் பற்றி வாணி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எதிர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: ஃபிஜியின் ட்ருவா. மோனா பசிஃபிகாவோடு அதே 2022ல் சூப்பர் ரக்பிக்குள் வந்த அணி. லௌடோகாவிலும் சுவாவிலும் சொந்த ரசிகர் முன்னால் ஆடுகிறது. அந்த வெயிலில் வந்து ஆடுவதற்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் அஞ்சுகின்றன. அந்த வீரர்களை முதுகெலும்பாக வைத்துத்தான் ஃபிஜி 2023ல் ட்விக்கனத்தில் இங்கிலாந்தை 30–22, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22–15 என்று வென்றது. ஆஸ்திரேலியாவை வென்றது 1954க்குப் பிறகு அதுதான் முதல் முறை. வாரா வாரம் சேர்ந்து ஆடும் அணி, சொந்த மண். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டோம். டோங்காவுக்கும் சமோவாவுக்கும் இந்த இரண்டும் இன்னும் வாய்க்கவில்லை.

ஃபிஜி கூடவே ஒரு பழைய கதை. ஃபிஜி–சமோவா முதல் ஆட்டம் 1924 ஆகஸ்ட் 18, ஏப்பியாவில். சமோவாக்காரர்கள் ஆடி முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் காலை 7 மணிக்கே தொடக்கம். மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரு பெரிய மரம் நின்றதாம். ஃபிஜி 6–0. அங்கிருந்து டோங்கா போய் மூன்று ஆட்டம் ஆடி, திரும்பும் வழியில் மறுபடி சமோவாவோடு ஆடியது. அதில் சமோவா 9–3. கப்பலில் வந்து, வேலைக்குப் போகும் முன் ஆடி, நூறு வருடத்துக்கு முன்பே தமக்குள் டெஸ்ட் ஆடியவர்கள் இவர்கள். அழைக்க வெளியிலிருந்து யாரும் தேவைப்படவில்லை.

புது_ரசிகன் · புதன் மாலை

மரம் நடுவுல நின்ன மைதானம்! இது ஒண்ணுக்காகவே இனிமே பார்க்கப்போறேன்.

ஒரு கேள்வி. ரெண்டு அணியும் ஆட்டத்துக்கு முன்னால ஆடுற அந்தப் போர் நடனம் நியூசிலாந்தோட ஹாக்காதானே? டோங்காவுக்கும் சமோவாவுக்கும் உண்மையிலேயே பகை உண்டா?

பவளத்திட்டு · புதன் இரவு

ஹாக்கா மாவோரிகளுடையது. டோங்கா ஆடுவது சிபி தாவ், சமோவா ஆடுவது சிவா தாவ். சமோவாவின் இப்போதைய சிவா தாவ் 1991 உலகக் கோப்பையை ஒட்டி வந்தது. சிபி தாவின் இன்றைய வரிகளை 1994ல் எழுதியவர் டோங்காவின் அரசர் நான்காம் துபோ. பல அணிகள் ஆட, எதிரணி நின்று பார்க்கும். இவர்கள் இருவரும் மோதும்போது ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடியும் வரை காத்திருக்க மாட்டார். இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

பகையா என்றால், நெடுங்காலம் முன்பு உண்டு. டோங்காவின் அரசர்களான துய் டோங்காக்கள் சமோவாவை ஆண்டார்கள் என்பது இரு தீவு மரபுக்கதைகளிலும் வருகிறது. தூனா, ஃபாதா என்ற இரு சகோதரர்கள் எழுந்து போரிட்டு, தலகாய்ஃபாய்கி என்ற துய் டோங்காவைக் கரை வரைக்கும் துரத்தினார்கள். படகில் ஏறிய அரசர் திரும்பிப் பார்த்து, தன்னை விரட்டியவர்களையே பாராட்டினார்: “மாலியே தோவா, மாலியே தாவ்.” நல்ல வீரர்கள், நல்ல போர் என்று பொருள். சமோவாவின் மிகப் பெரிய குலப்பட்டங்களில் ஒன்றான மாலியேதோவா அந்தச் சொல்லிலிருந்து வந்தது. ஜெயித்தவன் பட்டத்துக்குத் தோற்றவன் பேர் வைத்திருக்கிறான். வேறெங்கும் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

வெள்ளவத்தை_சிவா · வியாழன் காலை

அருமையான கதை. இனி ஆட்டத்துக்கு வருவம், ஒருத்தரும் இன்னும் அதைத் தொடேல்ல.

எனக்கு மறக்கேலாத ஆட்டம் 2007 உலகக் கோப்பை, மொன்பெலியே. டோங்கா 19, சமோவா 15. டோங்காவில ஒருத்தருக்குச் சிவப்பு அட்டை, ஆள் குறைஞ்ச பிறகும் கோட்டில நிண்டு மறிச்சுக்கொண்டே இருந்தவை. சமோவா அஞ்சு மீற்றருக்குள்ள திரும்பத் திரும்ப வந்து மோதினது, உள்ள விடேல்ல. அந்த வெற்றிக்குப் பிறகுதான் தென்னாபிரிக்காவை 30–25 வரைக்கும் கொண்டுபோய் நடுங்கப் பண்ணினவை. அந்த வருசம் கோப்பை எடுத்தது தென்னாபிரிக்கா.

சனிக்கிழமை என்ன பாக்க வேணும்? ஆகஸ்ட் மாசம் ஐரோப்பாவில கிளப் சீசன் துவங்கப்போற நேரம். பிரான்ஸின்ர டாப் 14 செப்டம்பரில துவங்குது. அங்க சம்பளம் எடுக்கிறவன் இப்ப கிளப்பை விட்டுட்டு வந்தால் அணியில இருந்த இடம் போகும். அதால ரெண்டு பக்கமும் பெரிய பேர்கள் எல்லாம் வராது. நியூசிலாந்து மாகாண அணிகளிலயும் உள்ளூரிலயும் ஆடுற பெடியள் கனபேர் இருப்பினம். அனுபவம் குறைஞ்ச முன்வரிசை எண்டால் ஸ்க்ரம் அடிக்கடி சரியும், விசில் கூட ஊதுவினம், பெனால்டி உதைக்கிறவன்தான் ஆட்டத்தைத் தீர்மானிப்பான். முதல் இருபது நிமிசத்தில ஆர் ஆறு புள்ளி முன்னுக்கு நிக்கினம் எண்டதைப் பாருங்கோ.

இன்னொண்டு, வெளியில போன பந்தைக் கோட்டில நிண்டு உள்ள எறியிற லைன்அவுட்டில பந்தை எடுத்து அப்பிடியே கூட்டமாத் தள்ளிக்கொண்டு போற மால். டோங்காவுக்கு அது கைவந்த கலை. சமோவா அதை அஞ்சு மீற்றருக்கு வெளியில வைச்சே குலைக்க வேணும். பந்து வெளியில அகலமாப் போனால் சமோவாவின்ர கை மேல. என்ர கணிப்பு, ஆறு ஏழு புள்ளியால டோங்கா. அந்தச் சனத்தின்ர சத்தம்தான் அந்த ஆறு புள்ளி.

புது_ரசிகன் · வியாழன் மாலை

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஆடினவங்க டோங்காவுக்கு எப்படி ஆடுறாங்க? அது செல்லுமா?

வெள்ளவத்தை_சிவா · வியாழன் மாலை

செல்லும். 2022 ஜனவரியில இருந்து புது விதி. ஒரு நாட்டுக்கு ஆடினவர் மூண்டு வருசம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ, தாய் தகப்பன், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒருக்கா மாறலாம். இஸ்ரேல் ஃபொலாவ், சார்ல்ஸ் பியூடாவ், மலகாய் ஃபெகிடோவா டோங்காவுக்கு வந்தது அப்பிடித்தான். சமோவாவுக்கு லீமா சோபோவாங்கா, கிறிஸ்டியன் லேயலீஃபானோ. அந்த லேயலீஃபானோ ஆடின சமோவாதான் 2023 உலகக் கோப்பையில இங்கிலாந்தை மிரட்டி, ஒரே ஒரு புள்ளியால, 18–17 எண்டு தோத்தது.

மாங்கரே_மணி · வியாழன் இரவு

சிவாண்ணே, அந்த விதி ரொம்பத் தாமதமா வந்த நியாயம். ரக்பியோட பெரிய நட்சத்திரம் ஜோனா லோமுவோட அப்பா அம்மா டோங்காக்காரங்க. அவர் போட்டது கறுப்புச் சட்டை. அவர் ஆக்லாந்தில் பிறந்தவர், அது அவர் உரிமை, குறை சொல்லல. ஆனா ஒரே ஒரு டெஸ்ட் கறுப்புச் சட்டை போட்டுட்டு, அப்புறம் கூப்பிடாமலே விட்ட பையன்கள் எத்தனை பேர்! அவங்க வாழ்நாள் பூரா வேற எங்கேயும் ஆட முடியாம உட்கார்ந்தாங்க. அந்தப் பூட்டு திறந்ததே பெரிசு.

வாணி, உங்களுக்கு ஒரு பதில் பாக்கி. ஆக்லாந்தில் டோங்கா சங்கமே வாடகைக்கு நடத்தலாமேன்னு கேட்டீங்க. முடியும். லீக் ஆட்டம் இருந்தா இங்க ஓட்டாஹூஹூ தெருவில் கார் நகராது, அத்தனை சிவப்புக் கொடி. அந்தக் கூட்டம் யூனியனுக்கும் வரும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா 2026ல் தொடங்குற நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 12 அணிகள், அதில் டோங்காவும் இல்ல, சமோவாவும் இல்ல. பெரிய நாடுகள் இந்தத் தீவுகளுக்கு வர்றது இனிமே இன்னும் அரிதாத்தான் ஆகும். அப்படி இருக்கிறப்ப, உலகக் கோப்பை இடமே தொங்குற ஒரு ஆட்டம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாவது வீட்டு வாசலுக்கு வரணும். நுகுஅலோஃபாவில் பள்ளிக்கூடம் படிக்கிற பையன் தன் பள்ளி அணிக்கு ஆடுறதும் அதே தேயுஃபைவாவில்தான். அவன் நிக்கிற அதே புல்லில் சிவப்புச் சட்டைக்காரங்க உலகக் கோப்பைக்காக மல்லுக்கட்டுறதைப் பார்க்கணும். விமானம் ஏறிப் போனாத்தான் ரக்பின்னு அவன் நினைச்சா, பத்து வயசுலயே மனசளவில் கிளம்பிடுவான். நீங்க சொல்ற சம்பளக் கணக்கில் இந்த நஷ்டத்தை எந்த வரியில் எழுதுறது?

சிட்னி_வாணி · வெள்ளி காலை

அந்தப் பையனைப் பற்றி நான் யோசிக்கவில்லை, உண்மை. தகுதி ஆட்டம் தீவில் என்பதை ஏற்கிறேன். மற்ற ஆட்டங்களில் ஒன்றிரண்டை இங்கே கொண்டுவந்து சங்கத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை.

ஆட்டத்தில் நான் சமோவா பக்கம். பக்கத்து வீட்டில் சமோவாக் குடும்பம், என் மகள் அவர்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுகிறாள். சேப்பங்கிழங்கு இலைக்குள் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துச் சின்னப் பொட்டலமாக மடித்து வேகவைப்பார்கள், பாலுசாமி என்று பேர். அந்தப் பேரைக் கேட்ட நாளிலிருந்து என் அம்மாவுக்கு அந்த வீட்டார் மேல் தனி அன்பு, அவர் அண்ணன் பேரும் பாலுசாமி.

மாங்கரே_மணி · வெள்ளி மதியம்

டோங்காவில் அதுக்குப் பேர் லூ. அதே இலை, அதே தேங்காய்ப்பால், உள்ளே டின் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வைப்பாங்க. தரையில் குழி தோண்டி, சுட்ட கல்லு மேல அடுக்கி, இலை போட்டு மூடி மணிக்கணக்கா விட்டுடுவாங்க. டோங்காவில் ஞாயித்துக்கிழமை வியாபாரம் கிடையாது, விளையாட்டும் கிடையாது, அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கு. அதனால சனிக்கிழமை ஜெயிச்சாலும் தோத்தாலும் மறுநாள் காலை எல்லாரும் இடுப்பில் தாஓவாலா பாய் சுத்திக்கிட்டுச் சர்ச்சுக்குப் போயிடுவாங்க, வந்து லூ சாப்பிடுவாங்க.

ஆட்ட நேரம் கணக்குப் போடுறவங்களுக்கு: டோங்காவும் சமோவாவும் இப்ப ஒரே நேரம், இந்தியாவை விட ஏழரை மணி நேரம் முன்னால. அங்க சொல்ற நேரத்திலிருந்து ஏழரையைக் கழிச்சுக்குங்க. 2011 வரைக்கும் இந்த ரெண்டு தீவுக்கும் கடிகாரம் ஒண்ணு, தேதி வேற. டோங்காவில் ஞாயிறுன்னா சமோவாவில் சனி. 2011 டிசம்பர் 30ஐயே விட்டுட்டு ஒரே தாவா 31க்கு வந்து சமோவா இந்தப் பக்கம் சேர்ந்துச்சு.

பவளத்திட்டு · வெள்ளி மாலை

என் கணிப்பு: சமோவா, மூன்று புள்ளியில். 1990ல் டோக்கியோவில் நடந்த தகுதிச் சுற்றில் டோங்காவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போன சமோவாதான் அடுத்த வருடம் வேல்ஸைச் சாய்த்தது. உயிர் போகிற ஆட்டம் என்றால் அவர்களுக்கு ஏதோ ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது.

மணி, அந்த ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் போனாரா?

மாங்கரே_மணி · வெள்ளி இரவு

போயிட்டார்! இன்னிக்கு மதிய விமானம். வியாழக்கிழமை வரைக்கும் மாத்தாள் கிடைக்கல. ஷிஃப்ட் போர்டில் சனிக்கிழமைக் கட்டத்தில் அவர் பேர் அப்படியே இருந்துச்சு. அவரும் கேக்குறதை விட்டுட்டார். நேத்து ராத்திரி வேலை முடிஞ்சு கையுறையைக் கழட்டிக்கிட்டு நிக்கிறப்ப, சமோவாப் பெரியவர், அதான் ஏப்பியா டிக்கெட்டைப் பர்ஸில் வச்சிருக்கிறவர், போர்டு பக்கம் போனார். டோங்கா அண்ணன் பேரைத் துணியால துடைச்சுட்டுத் தன் பேரை எழுதினார். பேனாவை மூடி வச்சுட்டு, “போ, போய்ப் பாரு. என் பசங்க ஜெயிச்சா மட்டும் போன் பண்ணாதே, நானே பண்றேன்”னார்.

சனிக்கிழமை இடைவேளையை மட்டும் ஆட்ட நேரத்துக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்டிருக்கார், மேற்பார்வையாளர் சரின்னுட்டார். அவர் போனில் திரை உடைஞ்சிருக்கு, அதனால என் போனில்தான் ரெண்டு பேரும் பார்க்கப்போறோம். சார்ஜரைப் பையில் எடுத்து வச்சுட்டேன்.